சீனியம்மாள் வீட்டில் சிரித்தவர்கள்

சீனியம்மாள் வாங்கிய வீடு இரண்டு டிரெய்லர் லாரிகளில் பாதி பாதியாக ஏறி, சாத்தூரைத் தாண்டி, உப்போடைப்பட்டிக்கு வந்து இறங்கியபோது அதற்குள் ஏற்கெனவே ஒரு குடும்பம் குடியிருந்தது.

கிரேன்காரர் முன்பாதியைத் தூக்கி, கரிசல் மண்ணில் நட்டிருந்த இரும்புக் கால்களின் மேல் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல உட்காரவைத்து, கொக்கியைக் கழற்றியதுதான் தாமதம், வாசல் கதவு உள்பக்கமிருந்து திறந்தது. வெள்ளைச் சட்டை போட்ட சிவத்த ஆள் ஒருவன் வந்து நின்றான். அவன் தோளை ஒட்டி, இளமஞ்சள் சேலையில் ஒருத்தி. அவள் கையில் தட்டு, தட்டில் கோப்பைகள். பக்கத்தில் ரெட்டைச் சடை போட்ட பெண்குழந்தை. காலடியில் பருத்திப் பொதி மாதிரி ஒரு வெள்ளை நாய். நாய் உட்பட அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த சனத்துக்கு அவர்களை அடையாளம் தெரிந்துவிட்டது. கம்பெனி கொடுத்த வழவழப்பான விளம்பரப் புத்தகத்தின் அட்டையில், இதே வீட்டின் இதே வாசலில், இதே சிரிப்போடு நிற்பவர்கள்தான். அந்தப் புத்தகம் கைமாறிக் கைமாறி, ஊரில் எண்ணெய் படாத ஒரே காகிதம் என்ற பெயரோடு எல்லா வீட்டுக்கும் போய் வந்திருந்தது.

"யாத்தே, அவுகளே வந்துட்டாகளே" என்றாள் பால்காரர் பொண்டாட்டி குருவம்மா. அதற்குமேல் யாரும் அதிசயப்படவில்லை. சோப்புத்தூள் வாங்கினால் வாளி இலவசம், சேலை வாங்கினால் பை இலவசம், வீடு வாங்கினால் ஆட்கள் இலவசம்போல என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வேலையைப் பார்க்கப் போனார்கள்.

சீனியம்மாள் மட்டும் போகவில்லை. வீட்டை இறக்கிவிட வந்திருந்த கம்பெனிக்காரன் பிரதீபனைப் பிடித்துக்கொண்டாள்.

"யாருய்யா இவங்க?"

"மேடம், படத்துல எப்படி இருக்கோ அப்படியே வீடு வரும்னு சொல்லித்தானே வித்தோம். அப்படியே வந்திருக்கு."

"படத்துல வாசல்ல ஒரு மரமும்தான் நின்னுச்சு. அது எங்க?"

"மரம் சும்மா உதாரணத்துக்கு மேடம்."

"அப்ப இவங்க?"

பிரதீபன் அந்த நால்வரையும் ஒருமுறை பார்த்து, அவர்களைப் போலவே சிரித்து, போல்ட் முறுக்குகிற ஆட்களை அதட்டுகிற சாக்கில் நழுவிவிட்டான். வீட்டின் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று சேர்ந்தபோது நடுவில் விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. அதையும் கேட்டாள். "செட் ஆயிரும்" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான்.

சீனியம்மாளுக்குப் பெயரில் மட்டும்தான் சீனி. தொழில் உப்பு. தூத்துக்குடிக்குப் போய் நெத்திலியும் சாளையும் வாளையும் கருவாடாக எடுத்துவந்து, ஒரு நாள் ஒரு சந்தை என்று வெயிலில் சாக்கை விரித்துக் கூவி விற்கிறவள். கருவாடு வாங்க வருகிறவர்களுக்கு அவள் "மதினி", "தாயி", "அக்கா". வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் அதே வாயால், "வீச்சம் போகாதும்மா" என்று கதவைச் சாத்துவார்கள். மாடியில் குடியிருந்தால் கீழ்வீட்டுக்காரனுக்கு வீச்சம், கீழே குடியிருந்தால் மாடிக்காரனுக்கு வீச்சம், தெருக்கோடியில் குடியிருந்தால் காற்றுக்கே வீச்சம் என்று வீடு மாறி, வீடு மாறி, தட்டுமுட்டுச் சாமான்களுக்குக் கால் முளைத்துவிட்டதோ என்னும்படி அலைந்தவள். ஒரு வீட்டுக்காரர், வெளுத்த சட்டையும் நெற்றி நிறைய விபூதியுமாக, அவள் காலி செய்து போகும்போதே வாசலில் டெட்டால் ஊற்றிக் கழுவினார். அவர் வீட்டுச் சமையல்காரி வாராவாரம் சந்தைக்கு வந்து அவளிடம்தான் திருக்கை வாங்கினாள்.

அப்போது மூண்ட கோபத்தில்தான் சொந்த வீடு என்ற எண்ணம் விழுந்தது. புருஷன் கோட்டைச்சாமி வழியில் உப்போடைப்பட்டி ஓரத்தில் ஒரு துண்டு நிலம் கிடந்தது. கரிசல். மழைக்கு உப்பிப் பொங்கும், கோடைக்குக் காய்ந்து வாய் பிளக்கும். எந்தச் சுவரைக் கட்டினாலும் அடுத்த சித்திரைக்குள் மேலிருந்து கீழ்வரை கோடு விழுந்துவிடும். மண்ணைத் தொடாமல் இரும்புக் காலில் நிற்கிற வீடு, தொழிற்சாலையிலேயே செய்து கொண்டுவந்து மாட்டுகிற வீடு என்று கேள்விப்பட்டதும், கோட்டைச்சாமி தலையைச் சொறிய, அவளே போனாள், அவளே பார்த்தாள், அவளே தன் பெயரில் வாங்கினாள். கோட்டைச்சாமி மினிலாரியில் தண்ணீர்க் கேன் ஓட்டுகிறவர். கோட்டை என்று பெயர் வைத்தவர்கள் கொடுத்ததெல்லாம் அந்தப் பெயரையும் இந்தக் கரிசல் துண்டையும்தான் என்பது ஊரறிந்த விஷயம்.

ஆக, தன் வீட்டில் பிறத்தியார் சிரித்துக்கொண்டு நிற்பதைச் சீனியம்மாள் சும்மா விடவில்லை. மறுநாளே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வெள்ளைச் சட்டைக்காரனைக் கக்கத்தில் இடுக்கித் தூக்கினாள். காய்ந்த வாழைமட்டைபோலக் கனமே இல்லை. கொண்டுபோய் ஓடைக்கரையில் நிறுத்திவிட்டு வந்து, மஞ்சள் சேலைக்காரியையும் குழந்தையையும் நாயையும் அதேபோலக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத் திரும்பினால், நால்வரும் வாசலில் நிற்கிறார்கள். வெள்ளைச் சட்டைக்காரன் வாயைத் திறந்தான்.

"இல்லம் என்பது வெறும் சுவரல்ல. அது ஓர் உணர்வு."

"டீ எடுத்துக்கோங்க" என்றாள் மஞ்சள் சேலைக்காரி. கோப்பைகளில் டீ கிடையாது. ஆவி மட்டும் வந்தது.

"ஐ, எங்க வீடு!" என்றது குழந்தை.

அவர்களுக்குத் தெரிந்த பேச்சு அவ்வளவுதான். சீனியம்மாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். விசாரிக்க வந்த ஏட்டு வாசலில் நின்றவர்களைப் பார்த்தார், சீனியம்மாளைப் பார்த்தார், அவள் தலையிலிருந்த கருவாட்டுக் கூடையைப் பார்த்தார். "அவங்களப் பார்த்தா வீட்டுக்காரங்க மாதிரித்தான் இருக்கு. நீ யாரும்மா?" என்றார்.

அன்று அவள் வயிற்றில் பற்றிய தீயை அணைக்க ஓடையில் தண்ணீர் இல்லை.

உப்போடைப்பட்டியோ அந்தக் குடும்பத்தைக் கையில் வைத்துத் தாங்கியது. குடிக்கமாட்டார்கள் என்று தெரிந்தும் குருவம்மா தினமும் வாசலில் பால் வைத்தாள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் சீனியம்மாளைத் தாண்டிப் போய், "குடும்பத்தோட வந்துரணும் சார்" என்று வெள்ளைச் சட்டைக்காரனுக்குக் கும்பிடு போட்டுக் கொடுத்தார்கள். பெண் பார்க்க வருகிற அசலூர்க்காரர்களை முதலில் அந்த வாசலுக்குக் கூட்டிவந்து, "இப்படிப்பட்ட மனுசங்க குடியிருக்கிற ஊரு எங்க ஊரு" என்று காட்டிவிட்டுத்தான் காபியே கொடுத்தார்கள். அம்மன் கோயில் பொங்கலுக்கு, காலங்காலமாக யாருக்கு முதல் மரியாதை என்று மண்டை உடைத்துக்கொண்ட இரண்டு வகையறாவும், சண்டை வேண்டாம், படத்துக்காரருக்கே கட்டிவிடுவோம் என்று ஒரே மனதாக முடிவெடுத்து, வெள்ளைச் சட்டைக்காரன் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அவன் அதற்கும் சிரித்தான். போகப் போக ஊருக்கே அந்தச் சிரிப்பு தொற்றியது. பொண்டாட்டியை அடித்தவன் சிரித்துக்கொண்டே அடித்தான். கூலியைக் குறைத்தவன் சிரித்துக்கொண்டே குறைத்தான், வாங்கினவனும் சிரித்துக்கொண்டே வாங்கிப்போனான். தெருக்குழாயில் தண்ணீர் வராத நாளில்கூடப் பெண்கள் காலிக் குடத்தை இடுப்பில் வைத்தபடி, "இல்லம் என்பது ஓர் உணர்வு" என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

ஊரில் சிரிக்காத முகம் ஒன்றுதான் இருந்தது. அது யாருக்கும் பிடிக்கவில்லை.

கோட்டைச்சாமிகூட மாறிவிட்டார். கேன் இறக்கிவிட்டு வந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சோபாவில் வெள்ளைச் சட்டைக்காரன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"அங்க என்னதான்யா தெரியுது?" என்று கேட்டாள்.

"நீயும் வந்து உக்காந்து பாரு சீனி. மனசு லேசாயிருது."

"என் மனசு லேசாக வேண்டாம். மழைத்தண்ணி நடுவீட்டுல ஒழுகுது. அந்த இடைவெளிய அடைக்க ஆளக் கூப்பிடு."

"செட் ஆயிரும்" என்றார் கோட்டைச்சாமி. பிரதீபன் சொல்லிவிட்டுப் போன அதே சொல். சீனியம்மாள் ஒழுகுகிற இடத்தில் ஒரு குடத்தை நங்கென்று வைத்தாள்.

கடைசியில் குருவம்மாதான் வந்து சொன்னாள். கூட ஏழெட்டுப் பெண்கள். எல்லார் முகத்திலும் அதே சிரிப்பு.

"மதினி, தப்பா நினைச்சுக்கிடாத. அவுக இருக்கிற வீட்டுக்குள்ள கருவாட்டு மூட்டைய அடுக்குறது நல்லாவா இருக்கு? பெரிய மனுசங்க, வாய்விட்டுச் சொல்லமாட்டாக. ஓடைப்பக்கம் ஒரு கொட்டகை போட்டு வச்சுக்கிடேன். நீயும் அங்கனயே படுத்துக்கிட்டா உனக்கும் தோது."

"யாரு வீட்டுக்குள்ள, யாரு மூட்டைடீ?"

"பாத்தியா, எடுத்த எடுப்புல கோவம். அந்தம்மாவப் பாரு, என்னைக்காவது மூஞ்சி சுளிக்குதா?"

சீனியம்மாள் திரும்பி அந்த மஞ்சள் சேலைக்காரியைப் பார்த்தாள். தட்டோடு நின்றுகொண்டிருந்தாள், எப்போதும்போல. அன்றிலிருந்து சீனியம்மாளின் வசவெல்லாம் அவளுக்குத்தான். விடிந்ததும் அவள் முன்னால் போய் நின்று தொடங்குவாள். "அடி சிரிப்பாணி, உனக்கு வாய் வலிக்கலையா? நீ தூத்துப் பெருக்கின வீடாடி இது? உப்புல ஊறி, வெயில்ல காஞ்சு, பஸ்ஸுல கூடைய ஏத்தவிடாத கண்டக்டருகூடச் சண்டை போட்டு நான் வாங்குன வீட்டுல, இல்லாத டீயக் காட்டி நீ விருந்து வைக்கிறியாடி?" சந்தைக்குக் கிளம்பும்வரை திட்டுவாள். திரும்பிவந்து, விட்ட இடத்திலிருந்து தொடருவாள். மஞ்சள் சேலைக்காரி சிரித்துக்கொண்டே கேட்பாள். நாளாக ஆக, அவள் தட்டிலிருந்த கோப்பைகள் மட்டும் மெல்லக் கிடுகிடுத்தன. காற்று என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆடிக்காற்று ஓய்ந்த ஒரு காலைப்பொழுதில் பிரதீபன் பெரிய காரில் வந்திறங்கினான். கூடவே கேமராக்காரர், குடை பிடிக்கிற ஆட்கள், மேளம். தங்கள் வீட்டால் ஒரு கிராமமே சந்தோஷமாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, புதுப் புத்தகத்துக்கு அட்டைப்படம் எடுக்க வந்திருக்கிறார்களாம். ஊரே குளித்துப் பூ வைத்து வந்து கூடியது. வெள்ளைச் சட்டைக்காரனும் மஞ்சள் சேலைக்காரியும் குழந்தையும் நாயும் வாசலில் நின்றார்கள். கேமராக்காரர் கண்ணைச் சுருக்கினார்.

"பின்னாடி யாரோ நிக்கிறாங்க. வேலைக்கார அம்மாவக் கொஞ்சம் நகரச் சொல்லுங்க."

வாசற்படிக்குள் சீனியம்மாள் நின்றிருந்தாள். சந்தைக்குக் கிளம்பி, தலையில் கூடையோடு.

பிரதீபன் ஓடிவந்தான். வீட்டை விற்கும்போது அவளை "மேடம்" என்றவன், இறக்கும்போதும் "மேடம்" என்றவன், இப்போது, "அம்மா, ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் தள்ளிக்கோங்க. அந்தக் கூடையையும்" என்றான். கோட்டைச்சாமி அதற்கு முன்பே தள்ளி, கூட்டத்தோடு கூட்டமாக நின்று கையசைத்தார். "வந்துரு சீனி, ஒரு நிமிசந்தான்."

சீனியம்மாள் கூடையை இறக்கினாள். மெதுவாகத்தான் இறக்கினாள்.

"எங்கடா தள்ளிக்கிட?" என்றாள். "சொல்லு. எங்க தள்ளிக்கிட? மாடி வீட்டுலருந்து தள்ளிக்கிட்டேன், கீழ்வீட்டுலருந்து தள்ளிக்கிட்டேன், காம்பவுண்டு வீட்டுலருந்து காய்ச்சலோட தள்ளிக்கிட்டேன். பஸ்ஸுல பின்சீட்டுக்குத் தள்ளிக்கிட்டேன், பின்சீட்டுலருந்து படிக்கட்டுக்குத் தள்ளிக்கிட்டேன். கல்யாண வீட்டுப் பந்தியில கடைசிக்குத் தள்ளிக்கிட்டேன். நான் வித்த கருவாட்டத் தின்னுட்டு வாயக் கழுவிட்டு வந்து என்னையத் தள்ளு தள்ளுன்னா, இனி தள்ளிக்கிட ஓடையும் சுடுகாடுந்தான்டா மிச்சம்! இது என் வாசப்படி. என் பேருல இருக்கு. உன் படத்துல நான் வந்தா வந்துட்டுப் போறேன், அது உன் கேமராவோட தலையெழுத்து!"

மேளம் நின்றது. கூட்டத்தின் சிரிப்பு அப்படியே முகத்தில் காய்ந்து நின்றது. "ஏ குருவம்மா, சிரிக்கியா? உன் புருசன் உன்னைய அடிச்ச தடம் முதுகுல இருக்கு, எதுக்குடி சிரிக்கே? ஏலே மந்தைக்காரங்களா, குழாயில தண்ணி வந்து எத்தனை நாளாச்சு, எதுக்குடா பல்லக் காட்டுதீக?" என்று அவள் ஒவ்வொரு முகமாகப் போய்ப் போய்க் கேட்க, அந்தந்த முகத்திலிருந்து சிரிப்பு, பழைய சுண்ணாம்பு உதிர்வதுபோலப் பொலபொலவென்று உதிர்ந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மஞ்சள் சேலைக்காரி தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

கோப்பைகள் உடைந்தன. அவள் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு, அழுத்தித் தேய்த்தாள். உதடு மூடியது. நெற்றியில் முதன்முதலாக வேர்வை அரும்பியது. கண் சிவந்தது.

"தண்ணி இருக்கா?" என்றாள்.

"குடத்துல இருக்கு, மோந்து குடி" என்றாள் சீனியம்மாள், கோபம் கொஞ்சமும் இறங்காமல். "உனக்கு மோந்து குடுக்க நான் என்ன வேலைக்காரியா?"

அவள் போய் மொண்டு குடித்தாள். ஒரு குடம் முழுதும் தீரும்வரை குடித்தாள். சேலை நனைய நனையக் குடித்துவிட்டு வந்து, வெள்ளைச் சட்டைக்காரனைக் காட்டி, "இந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள். "ஒரு நாள் போட்டோவுக்கு நில்லுன்னாங்க. நின்னேன். என்னைய வீட்டுக்கு அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். என் சிரிப்ப அனுப்பவே இல்ல."

"சார், ஸ்மைல் பண்ணச் சொல்லுங்க" என்றார் கேமராக்காரர் ஈனக்குரலில்.

"நீ பண்ணு!" என்று மஞ்சள் சேலைக்காரி போட்ட சத்தத்தில், வெள்ளை நாய் பிறந்ததிலிருந்து குரைக்காத குரைப்பையெல்லாம் சேர்த்துக் குரைத்து, பாய்ந்து போய் பிரதீபனின் கால்சட்டையைக் கவ்வியது. குழந்தை வீறிட்டு அழுதது. ஷூ கடிக்கிறதாம், கழற்றிவிட யாருக்கும் தோன்றவில்லையாம், அம்மாவிடம் போகவேண்டுமாம். குருவம்மா, முகத்தில் சிரிப்பில்லாமல், உட்கார்ந்து அதன் ஷூவைக் கழற்றினாள். குதிகாலில் பெரிய கொப்புளம் இருந்தது.

வெள்ளைச் சட்டைக்காரனுக்கு மட்டும் கோபம் வரவேயில்லை. சீனியம்மாள் திட்டிப் பார்த்தாள், மஞ்சள் சேலைக்காரி திட்டிப் பார்த்தாள். "அது ஓர் உணர்வு" என்றான். பிரதீபன் அவனை மடக்கிக் காரின் பின்பக்கம் வைத்து, கிழிந்த கால்சட்டையோடு கிளம்பினான். கார் கிளம்பவிடாமல் குறுக்கே வந்து நின்றவர் கோட்டைச்சாமி. வெள்ளைச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்.

"நடுவீட்டுல ஒழுகுது. அத அடைச்சுட்டுப் போ" என்றார். அவர் குரல் அவ்வளவு தூரம் கேட்கும் என்று ஊருக்கு அன்றுதான் தெரியும். பொழுது சாய்வதற்குள் ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனான்.

மஞ்சள் சேலைக்காரி குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அதன் தாயைக் கண்டுபிடித்து ஒப்படைத்துவிட்டுத்தான் மறுவேலை என்றாள்.

"உனக்கு ஊர்ல வீடு வாசல் இருக்காடீ?" என்று கேட்டாள் சீனியம்மாள்.

"சென்னையில. வாடகை வீடு. மேல ஓனரு. ராத்திரி குழம்பு தாளிச்சாகூடக் கரண்டியால தரையத் தட்டுவான்."

சீனியம்மாள் கூடையிலிருந்து நல்ல வாளைக் கருவாடாகப் பொறுக்கி, காகிதத்தில் பொதிந்து, அவள் கையில் திணித்தாள். "போனதும் வறு" என்றாள். "சன்னலத் திறந்து வச்சு வறு."

நாய் இங்கேயே தங்கிவிட்டது. கரிசலில் புரண்டு புரண்டு, இப்போது அது வெள்ளை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

ஊர் மூன்று மாதம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு குடும்பத்தைக் கலைத்தவள் என்றார்கள். முதல் மரியாதைச் சண்டை திரும்ப வந்தது. ஆனால் சிரிப்பு திரும்ப வரவில்லை. காலிக் குடங்களோடு பெண்கள் பெரிய ரோட்டுக்குப் போய்ப் பஸ்ஸை மறித்தார்கள், குருவம்மா முதல் வரிசையில் நின்றாள், தண்ணீர் வந்தது. குருவம்மாவின் புருஷன் ஒருநாள் கையை ஓங்கினான். அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். ஓங்கின கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு பால் கறக்கப் போய்விட்டான்.

கம்பெனியின் புதுப் புத்தகம் வந்தது. அன்று கேமராவில் விழுந்த படங்களில் வேறு யாருமே இல்லை. எல்லாவற்றிலும் சீனியம்மாள்தான், இடுப்பில் செருகிய சேலையோடு, உதட்டை இறுக்கி, வாசலை அடைத்துக்கொண்டு. அழித்துப் பார்த்தார்களாம், வேறு ஊரில், வேறு ஆட்களை நிறுத்தி எடுத்துப் பார்த்தார்களாம். அதிலும் அவள்தான் விழுந்தாளாம். அதற்குப் பிறகு அவர்கள் அனுப்பிய வீடுகள் எந்த ஊரில் போய் இறங்கினாலும், கொக்கியைக் கழற்றியதும் கதவைத் திறந்துகொண்டு ஒரு கருத்த பொம்பளை வந்து நின்றாள். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக உலுக்கிப் பார்த்தாள். இரண்டு பாதிக்கும் நடுவில் சந்து இருந்தால் கம்பெனி ஆட்களை நகரவிடவில்லை. எல்லாம் சரியான பிறகு, "வீட்டுக்காரி யாரு?" என்று அதட்டுவாள். கூட்டத்தின் பின்னால் ஒதுங்கி நிற்கிற யாரோ ஒருத்தி, "நான்தான்" என்று முன்னால் வரும்வரை அசையமாட்டாள். வந்ததும் வழியை விட்டு விலகுவாள். திரும்பிப் பார்த்தால் இருக்கமாட்டாள்.

அரூரிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வந்த யாவாரிகள் இதைச் சொன்னபோது சீனியம்மாள் நெத்திலியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "நிக்கட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

சில நாள் சந்தையில், அன்று யாரையும் திட்டியிருக்கவே மாட்டாள், இருந்தும் தொண்டை கட்டிக்கொள்ளும். எங்கோ ஒரு வீடு இறங்குகிறது என்று தெரிந்துகொள்வாள். ஒரு கல் உப்பை எடுத்து நாக்கின் அடியில் அடக்கிக்கொண்டு, குரல் திரும்பும்வரை, கையைத் தட்டித் தட்டிக் கருவாட்டை விற்பாள்.